அளவோலை

எங்கள் வீட்டில் யாருக்குத் தொப்பி தேவைப்பட்டாலும் அம்மம்மா முதலில் செய்வது தலையைப் பிடித்து இழுத்துத் தன் மடிக்குக் கிட்டக் கொண்டுவருவதுதான். கையில் ஈரம் சுவறிய பனையோலை வார் ஒன்று தயாராக இருக்கும். நெற்றி நடுவில் தொடங்கி, காதுக்கு மேலால், பிடரிப் பள்ளத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு முனையும் சந்திக்கிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளிச் சத்தகத்தால் வெட்டுவார். அந்த ஒரு விரல் வேர்வைக்கும் மயிருக்கும். "தலையை ஆட்டாதை பிள்ளை, ஆட்டினால் மாமான்ரை தலையளவுக்குப் போயிடும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

வெட்டிய வாருக்கு எங்கள் வீட்டில் அளவோலை என்று பெயர். அதன் நுனியில் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக் குசினிக் கூரைக்குள், அடுப்புக்கு நேர் மேலே செருகிவிடுவார். ஐயாவுக்கு ஒற்றை முடிச்சு. பெரிய மாமாவுக்கு இரட்டை முடிச்சு. அம்மாவினது நுனி பிளந்திருக்கும். என்னுடையதில் சிவப்புச் சாயம். அடுப்புப் புகை பட்டுக்கொண்டே இருப்பதால் பூச்சி அண்டாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் தலை வளர்கிற தலை என்பதால் எங்கள் வார்களை ஆடிப்பிறப்பு முடிந்த கையோடு எடுத்து அடுப்புக்குள் போட்டுவிட்டுப் புதிதாக அளப்பார். பெரியவர்களின் வார்கள் கறுத்துப்போய் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தன.

இது யாழ்ப்பாணத்து உரும்பிராயில், எழுபதுகளில். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கி வைத்திருந்த காலம். பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்றது நாங்களும்தான். ஆனால் எங்கள் செம்மண் தோட்டங்களில் அப்போது காசு விளைந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்த பெடியள் செத்தல் மிளகாய்க் காசோடு ஊருக்கு வந்து இறங்குவார்கள். உத்தியோக மாப்பிள்ளையை விட்டுத் தோட்டக்கார மாப்பிள்ளையைத் தரகர்மார் முதலில் சொன்ன சில வருஷங்கள் அவை. வெயிலில் நிற்பதற்கு ஆள் கூடினால் தொப்பிக்கும் ஆள் கூடும். எங்கள் திண்ணை ஓலை நறுக்கால் நிறைந்து கிடந்தது.

வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குவது குந்தியிருந்து, குனிந்து செய்யிற வேலை. முகத்தில் நிழல் விழுந்து பிரயோசனமில்லை. வெயில் அடிப்பது பிடரியில். துவாயைத் தலையில் சுற்றினால் பத்து மணிக்கே நனைந்து கனக்கும். ஆகவே புல்லுப் பிடுங்குகிறவர்களுக்குப் பின்விளிம்பு அகலமாகவும் முன்விளிம்பு மூன்று விரலாகவும் அம்மம்மா செய்து கொடுப்பார். வாய்க்காலில் தண்ணி மாறுகிறவருக்கு நேர்மாறு. அவர் நிமிர்ந்து நின்று வரம்பைப் பார்க்கவேண்டும், கண்ணுக்கு நிழல் வேண்டும். துலா மிதித்துத் தண்ணி இறைத்த காலத்தில் துலாவில் நடக்கிறவருக்கு விளிம்பே வைப்பதில்லையாம். காலடி தெரியாவிட்டால் கிணற்றுக்குள்தான். நான் அறிய எங்கள் தோட்டத்தில் தண்ணி இறைத்தது மிசின். ஆனாலும் பரணில் கிடந்த பழைய துலாத் தொப்பி ஒன்றை, மொட்டையான ஒரு கிண்ணம் அது, நாங்கள் போட்டு விளையாடியிருக்கிறோம். பிறகு சோளகக் காற்றின் சங்கதி இருக்கிறது. வைகாசியில் எழும்பினால் ஆவணி தாண்டியும் ஓயாது. அந்தக் காற்றுக்கு நாலு விரலுக்கு மேல் விளிம்பு வைத்தால் தொப்பி தோட்டத்துக்குத் தோட்டம் பறக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நினைவின் இனிப்புக்காக அதை மறைக்க மனமில்லை. எங்களுக்குச் சார்வோலை வெட்டித் தந்தவர் சீவல் தொழில் செய்தவர். முற்றத்துக்கு வந்தால் தலையில் இருப்பதைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டுதான் நிற்பார். அவருக்கும் அம்மம்மா தொப்பி செய்து கொடுத்தார், அதுவும் நல்ல தொப்பி. ஆனால் அவர் தலையை அம்மம்மா ஒருநாளும் அளந்ததில்லை. அவரே வீட்டில் அளந்து வெட்டிய வாரைக் கொண்டுவந்து திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த வார் குசினிக் கூரைக்குள் போகவில்லை. வேலிக் கதியாலுக்கும் மட்டைக்கும் இடையில் செருகியிருந்தது. மழையில் நனைந்து இற்றுப்போனால் அவர் இன்னொன்று வெட்டிக்கொண்டு வருவார். ஊர் அப்படித்தான் இருந்தது.

ஓலை என்றால் எல்லா ஓலையும் ஆகாது. காவோலை வேலிக்கும் அடுப்புக்கும். முற்றின ஓலை கடகத்துக்கும் பட்டைக்கும். தொப்பிக்குக் குருத்தை ஒட்டி வெளிவருகிற இளம் சார்வு வேண்டும். மரத்துக்கு அடிக்கடி சார்வு வாங்கினால் மரம் இளைத்துப்போகும் என்று ஓலை வெட்டுகிறவர் ஒரு மரத்தில் வெட்டினால் அடுத்த முறை வேறு மரத்துக்குப் போவார். அவசரத்துக்கு நாங்களே வடலிக் காணிக்குள் இறங்கிக் கொக்கைச் சத்தகத்தால் இழுத்து வெட்டியதும் உண்டு. அதற்கு ஏச்சும் வாங்கியதுண்டு. வெட்டிய சார்வை விரித்துப் பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் போட்டு வைத்தால் பச்சை கழன்று பால்வெள்ளைக்கு வரும். ஈர்க்கை உரித்துத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு, ஓலையைச் சத்தகத்தால் வார்வது அடுத்த வேலை. அம்மம்மா ஓலையைப் பார்த்து வார்ந்ததை நான் கண்டதில்லை. றோட்டால் போகிறவர்களோடு கதைத்துக்கொண்டே வார்வார். பெருவிரல் நகத்தைக் கரையில் முட்டுக்கொடுத்துச் சத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஓலையைத்தான் இழுப்பார், கத்தியை அல்ல. ஒரே அகலத்தில் வார் வார்ந்து விழும்.

பின்னுவது விடியவும் பின்னேரமும்தான். உச்சி வெயிலில் ஓலை வெடிக்கும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஓலை சொன்னபடி கேட்கும். ஏழு வார் எடுத்துத் தட்டைப் பின்னலாக, ஒன்றரை விரல் அகலத்தில், முழக்கணக்கில் பின்னிச் சுருட்டி வைத்துக்கொள்வார். சாயம் அவித்த வார் ஒன்று இரண்டு இடையில் ஓடும். பெரியகடையில் சரைகட்டி வாங்கிய சாயம். சிவப்பும் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் தவிர வேறு நிறத்தை ஓலை ஏற்காது என்பது அம்மம்மாவின் கட்சி.

பின்னல் முடிந்த பிறகு வருவதுதான் வித்தை. பின்னலின் நுனியை நத்தைச் சுருளாய் மடக்கி உச்சியைத் தொடங்கி, ஒன்றின் கரையில் மற்றது ஏறும்படி வைத்து, மெழுகு பூசிய இரட்டை நூலால் தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போவார். அச்சும் இல்லை, படமும் இல்லை. தைக்கும்போது பின்னலை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோம் என்பதில்தான் வடிவம் இருக்கிறது. இழுக்காமல் விட்டால் தட்டையாக அகலும். கொஞ்சம் இறுக்கினால் கீழ்நோக்கி வளையும், உச்சி முடிந்து சுவர் இறங்கத் தொடங்கும். சுவர் போதும் என்றதும் கையைத் தளர்த்த வேண்டும். பின்னல் தானாக வெளியே விரிந்து விளிம்பாகும். எந்த இடத்தில் இறுக்குவது, எந்த இடத்தில் தளர்த்துவது என்பதை அம்மம்மா எவருக்கும் வாயால் சொல்லிக் கொடுத்ததில்லை. தன் கைக்கு மேல் எங்கள் கையை வைத்துப் பிடிக்கச் சொல்லுவார். "தெரியுதோ? இப்ப விட்டனான். தெரியுதோ?" தெரிந்தது. இன்றைக்கும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மம்மா இடக்கைக்காரி. சாப்பாட்டுக்கும் சாமி காரியத்துக்கும் வலக்கைக்குப் பழக்கி எடுத்தவர்கள் ஓலையை மட்டும் அவர் போக்கில் விட்டுவிட்டார்கள். ஆகவே ஊரில் மற்றப் பெண்கள் தைத்த தொப்பிகளில் பின்னல் ஒரு பக்கமாகச் சுழன்றால் இவர் தைத்தவற்றில் மறுபக்கமாகச் சுழலும். திருநெல்வேலிச் சந்தையில் சனக்கூட்டத்துக்குள் எவருடைய தலையைப் பார்த்தும் "இது எங்கடை வீட்டுத் தொப்பி" என்று நாங்கள் சொல்லுவோம்.

தைத்து முடிந்ததும் தொப்பியை நனைத்துக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் இறுக்கி, சுவரும் விளிம்பும் சந்திக்கிற இடத்தில் கயிற்றால் கட்டி, விளிம்பின் மேல் பலகையை வைத்துக் காயவிடுவது வழக்கம். இதற்குத்தான் அளவோலையை இறக்குவார். ஐயாவின் ஓலையைக் கொண்டுபோய்ச் சட்டி முட்டிகளின் வயிற்றில் சுற்றிப் பார்ப்பார். ஐயாவின் தலைக்குப் புளிக்கறிச் சட்டி சரியாக வந்தது. அம்மாவுக்குத் தயிர் முட்டி. பெரிய மாமாவுடைய தலைக்கு வீட்டில் எந்தப் பாத்திரமும் பொருந்தவில்லை. சோற்றுப் பானை பெரிது, மற்றதெல்லாம் சிறிது. கடைசியில் கொடியில் கிடந்த நீற்றுப்பூசணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது அந்த அளவுக்கு வரும்வரை இரண்டு கிழமை பொறுத்திருந்து, நாளுக்கு நாள் இரட்டை முடிச்சு ஓலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை பிடுங்கி அதன் மேல் தொப்பியைக் காயவைத்தார். காய்ந்த பிறகு அந்தப் பூசணிக்காயைக் கறி வைத்தோம். மாமா இரண்டு கோப்பை சாப்பிட்டார். விஷயத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கையில் மலாயன் பென்சனியர் ஒருவர் இருந்தார். மலாயா ரெயில்வேயில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். அப்படிப்பட்டவர்கள் அப்போது வலிகாமத்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். மாதம் முடிய மலாயாவில் இருந்து பென்சன் வரும். சுவரில் படம், முற்றத்தில் குரோட்டன், தலையில் சோலாத் தொப்பி. காக்கித் துணி போர்த்திய அந்தத் தொப்பிக்குள் இருப்பது நெட்டி. தண்ணியில் வளர்கிற செடியின் தண்டு. தஞ்சாவூரில் கோயிலும் தேருமாகச் செதுக்குகிறார்களே, அதே நெட்டிதான். அதை மெல்லிய தகடாகச் சீவி அச்சில் ஒட்டித் துணி போர்த்தினால் வெள்ளைக்காரத் துரையின் தொப்பி. இறகு மாதிரிப் பாரமில்லாதது, வெயிலுக்குச் சிறந்தது, மழைக்கு ஆகாது. ஒரு கார்த்திகை மழையில் சந்தியில் இருந்து நடந்து வந்தவரின் தொப்பி ஊறி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வெயிலில் காயவைத்தும் நிமிரவில்லை.

அதைக் கொண்டுவந்து அம்மம்மாவிடம் காட்டினார். செய்து தரச் சொல்லி அல்ல, துக்கம் சொல்ல.

"தங்கச்சி, இது வெள்ளைக்காரன்ரை சாமான். இனி எங்கை எடுக்கிறது? கொழும்பிலையும் இல்லையாம்."

"அண்ணை, அதை இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ."

"ஓலையிலை வராது, தங்கச்சி."

"ஓலையாலை வீடே வேயிறம். தொப்பி வராதோ?"

இரண்டு நாள் அந்தத் தொப்பி எங்கள் திண்ணையில் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தது. அம்மம்மா அதற்குள் கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். உச்சியில் காற்றுப் போக ஒரு துளையும் அதை மூடினாற்போல ஒரு குமிழும் இருந்தன. அதைவிட அவருக்குப் பிடித்துப்போனது உள்ளே இருந்த தோல்பட்டி. அது தொப்பிச் சுவரோடு ஒட்டியிருக்கவில்லை. தலை பட்டியில் படும், தொப்பி தலையில் படாது. நடுவில் காற்று நடமாட விரற்கடை இடைவெளி. "மூளைக்காரன்தான்" என்றார் அம்மம்மா. வெள்ளைக்காரனைப் பற்றி அவர் வாயில் இருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்று ஐயா பிறகு சொல்லிச் சிரிப்பார்.

சரிந்துபோன தொப்பிக்குள் வைக்கலை அடைத்து நிமிர்த்தி, அதையே அச்சாக வைத்து, மேலால் பின்னலை ஓட்டித் தைத்தார். முன்னும் பின்னும் நீண்டு பக்கங்களில் குறுகுகிற விளிம்பு வருவதற்காக இரண்டு தடவை பிரித்துத் தைத்தது எனக்கு நினைவிருக்கிறது. உச்சியில் துளை விட்டு, ஓலையை உருட்டிக் குமிழும் வைத்தார். உள்ளே தனியாக ஒரு பட்டி பின்னி, இடைக்கிடை ஈர்க்குத் துண்டுகளை முட்டுக்கொடுத்து இடைவெளியும் வைத்தார். சாயம் போடவில்லை, பென்சனியருடைய தலைக்குச் சிவப்பும் பச்சையும் மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். பென்சனியர் அதை வாங்கி முதலில் மணந்து பார்த்தார். பிறகு போட்டார். பென்சன் எடுக்கப் போகிற நாளில் கோட்டும் ஓலைச் சோலாத் தொப்பியுமாக அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்க நாங்கள் மதிலடிக்குப் போவோம். அதன் பிறகு ஐயாவின் தோட்டத் தொப்பிக்குள்ளும் ஈர்க்கு முட்டும் உள்பட்டியும் வந்துவிட்டன. செம்மண் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவர்களின் தலையில் ரெயில்வேத் துரையின் காற்று.

1972 கல்வித் திட்டத்தோடு தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்று வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பன்ன வேலையையும் அதற்குள் சேர்த்திருந்தார்கள். தொப்பியின் படத்தைக் கொப்பியில் கீறி, விட்டம், சுற்றளவு எல்லாம் எழுதிக்கொண்டு போகவேண்டும். அம்மம்மா கொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆற்றை தலை இது?" என்று கேட்டார். யாருடைய தலையும் இல்லை என்றேன். பேசாமல் திருப்பித் தந்துவிட்டார். அந்தப் பாடத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, நாலைந்து வருஷத்தில் திட்டத்தோடு அதுவும் போயிற்று.

சின்னம்மாவின் மகன் மத்திய கல்லூரியில் படித்தான். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 இல் இருந்து நடக்கிற கிரிக்கெட் மட்சுக்கு உச்சி தட்டையான தொப்பி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். பால்மா ரின்னைக் கவிழ்த்து அதையும் செய்து கொடுத்தார். தோற்றார்களோ வென்றார்களோ, தொப்பி திரும்பி வரவில்லை.

1977 இல் ஆட்சி மாறியது. அடைத்திருந்த கதவு திறந்தது. வெளியில் இருந்து மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்க எங்கள் வெங்காயத்தின் விலை படுத்துக்கொண்டது. துணித் தொப்பியும் பிளாஸ்ரிக் தொப்பியும் அதே கப்பல்களில்தான் வந்திருக்க வேண்டும். உரம் வாங்கினால் பெயர் அச்சடித்த தொப்பி சும்மா கொடுத்தார்கள். ஒரே அளவு, பின்னால் பட்டியை இழுத்துச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். அதைக் கையில் வாங்கிய அம்மம்மா அந்தப் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. பெரிய மாமாவுக்கு அது கடைசித் துளையிலும் சேரவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனாலும் தொப்பி கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். கண்ணில் புகைச்சல் விழுந்த பிறகும் அவர் பின்னினார், தைக்க மட்டும் அம்மாவைக் கூப்பிட்டார். 1982 மாரியில் போய்ச்சேர்ந்தார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பிச் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. தலைக்கு மேல் எல்லோரும் உரப்பையைக் கிழித்துப் போர்த்தியிருந்தோம். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கல்வீடு நின்றது, ஓலைக் குசினி இல்லை. அதன் கூரைக்குள் இருந்த முடிச்சுகளும் இல்லை. வடலிக் காணியில் மரமும் இல்லை; காவலரண்களுக்குக் குற்றிகள் எங்கிருந்து வந்தன என்று அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்டதில்லை.

ஓலைத் தொப்பி அழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மன்னார்ப் பக்கத்திலும் பெண்கள் நல்லாய்ச் செய்கிறார்கள். சாயம் அம்மம்மாவினதைவிட நன்றாகப் பிடித்திருக்கிறது, நீலம்கூட உண்டு. தையலில் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் வாங்கி, கோயில் திருவிழா முடியும் வரைக்கும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு. தோட்டத்தில் குந்தியிருக்கிற பிடரிக்கு அவற்றில் ஒன்றும் நிழல் தராது. அது அவற்றின் வேலையும் அல்ல.

இத்தனை செய்தாரே, ஒன்றாவது மிஞ்சவில்லையா என்று கேட்கிறார்கள். மிஞ்சாது. விளிம்பு கிழிந்த தொப்பியில் முதலில் கோழி அடை வைப்போம். குஞ்சு பொரித்து இறங்கினால் தோட்டத்தில் கிடங்கு வெட்டி, வேலி பிரித்த பழைய ஓலையோடு சேர்த்துத் தாட்டுவிடுவோம். யாழ்ப்பாணத் தோட்டக்காரனுக்குப் பழைய ஓலை என்றால் பசளை. ஐயாவின் தலையில் இருந்த தொப்பிகள் எல்லாம் ஐயாவின் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும்தான் போயின.

அதனால் எங்கள் வீட்டு வழக்கு ஒன்று தீராமல் கிடக்கிறது. தொப்பி விளிம்பின் ஓரத்துக்குள் அம்மம்மா ஈர்க்கை வளைத்து வைத்துப் பொத்தினார் என்கிறார் அம்மா. இல்லை, மட்டை நார்தான் வைத்தவர், ஈர்க்கு வைத்தால் ஒரு மழைக்கு முறியும் என்கிறார் கனடாவில் இருக்கிற சின்னம்மா. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மருந்துக் கதை, கலியாணக் கதை எல்லாம் முடிந்த பிறகு எப்படியோ இதற்கு வந்துவிடுவார்கள். தைத்துக் கொடுத்தது நான், எனக்குத் தெரியாதோ என்பார் அம்மா. நீ தைத்தது கண் தெரியாமல் போன பிறகு, அதுக்கு முந்தி எல்லாம் நார் என்பார் சின்னம்மா. போன கிழமை என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பென்சனியரின் தொப்பியில் ஈர்க்கு இருந்தது, அது நிச்சயம் என்றேன். அது உள்பட்டிக்கு, விளிம்புக்கில்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் என்மேல் பாய்ந்தார்கள்.